வெளுத்த வளையம்

1964 மார்ச் 12, வியாழன். ஆபீஸ் விட்டதும் ஸ்ரீரங்கம் பஸ் ஏறாமல் புத்தூர் ரேடியோ கடைக்குப் போனேன். என் பழைய ரெக்கார்டு பிளேயருக்குப் புது மோட்டாரா, இசைத்தட்டை அதிகம் தேய்க்காத லேசான பிக்கப் ஊசியா என்று ஒரு மாதமாகத் தவிப்பு. இரண்டும் சேர்த்து வாங்கக் கட்டுப்படியாகாது.

ஒல்லியான கடைக்காரர் எதையும் மூக்கருகே பிடித்துத்தான் பார்ப்பார். நான் கொண்டுபோன தட்டை விளக்கில் சாய்த்துப் பார்த்துச் சிரித்தார்.

"இந்த வளையம் மட்டும் வெளுத்திருக்கு பாருங்க. பாட்டுல ஒரே அடியைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கீங்க. அப்படி என்ன சார் மயக்கம்?"

"நான் மாசத்துக்கு ஒரு தடவைதாங்க வைப்பேன்."

"அப்போ வேற யாரோ வைக்கிறாங்க. இப்படியே போனா அந்த இடத்துல இரைச்சல்தான் மிஞ்சும்."

பகலில் வீட்டில் மனைவி மட்டுந்தான். அவள் பாட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை. வீடு திரும்பிக் கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக, கடை திறக்குமுன்பே பிளேயரோடு போய் நின்று, பிக்கப்பையே மாட்டச் சொன்னேன்.

"யாருன்னு தெரிஞ்சுதா சார்?" என்றார் அவர்.