மாசி மாத வாந்தி

எங்கள் ஊரில் மாசி மாதம் ஒரு மருமகள் வாந்தி எடுத்தால் யாரும் வாயில் சர்க்கரை போட மாட்டார்கள். ‘இலை மயக்கம்’ என்பார்கள். ஒரு சொம்பு மோரைக் கொடுத்து நிழலில் உட்காரச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

வேதாரண்யம் பக்கம் மணல் பூமி, புகையிலைதான் வெள்ளாமை. மாசியில் செடி பக்கக் கொழுந்து விடும். அதை ஒடித்து எறியாவிட்டால் இலை தடிக்காது. பனி ஈரம் காய்வதற்குள் பெண்கள் புகையிலைக் கொல்லையில் இறங்கிவிடுவார்கள். செடியின் பிசின் கையில் ஒட்டிக் கருத்துப்போகும், சோப்புக்கும் அசையாது. அந்தக் கையால் சோற்றைப் பிசைந்தால் சோறே கசக்கும். அதனால் அம்மா அந்த மாதம் முழுக்க ஸ்பூனால் சாப்பிடுவாள். அதை நாகரிகம் என்று நினைத்து நான் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

புகையிலைக்கு வேலி வேண்டாம், ஆடு மாடு எட்டிப் பார்க்காது. மருந்து அடித்து அடித்து, கொல்லைக் கேணியில் தவளைச் சத்தமும் நின்றுபோயிற்று. ஆடு ஒதுங்கிப் போகிற பயிருக்குள் இடுப்பளவு இறங்கி நின்ற ஜீவன்கள் எங்கள் வீட்டுப் பெண்கள்தான். ஆண்கள் தண்ணீர் பாய்ச்சுவார்கள், வியாபாரியிடம் பேசுவார்கள். கொழுந்து ஒடிப்பதற்குப் பொறுமை வேண்டுமாம், அது பெண்களுக்குத்தான் உண்டாம். பொறுமையைப் புகழ்ந்தே ஒருவரைக் கொல்லலாம்.

மூத்த மகளான நான் சென்னைப் பக்கம் நாவலூருக்கு வேலைக்கு வந்து, இலையைக் கண்ணால் பார்த்தே பல வருஷமாகிறது. தம்பி செங்கல்பட்டில் பாலிடெக்னிக் படித்தான். கூடப் படித்த படாளத்துப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டான். கம்பெனியில் ஆள் குறைத்தபோது வேலை போயிற்று. அவளையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய் அப்பாவின் நிலத்தில் புகையிலை போட்டான்.

இந்த மாசியில் அவள் தன் அக்கா மகளின் காதுகுத்துக்குப் படாளம் வந்தாள். பஸ்ஸிலும் வாந்தி, விசேஷ வீட்டிலும் வாந்தி. அவள் அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. உடனே எனக்குப் போன் செய்து வரச் சொன்னார். நான் ஊருக்குப் போன் போட்டேன். அம்மா அசரவில்லை. இலை மயக்கம்தான், இரண்டு நாளில் தெளிந்துவிடும், கொழுந்து முற்றுகிறது, சீக்கிரம் அனுப்பி வை என்றாள்.

எனக்கும் அதுதான் தோன்றியது. படாளம் போய் இறங்கியபோது அவள் அம்மா, நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், மகளின் கையைப் பிடித்துத் தேங்காய் எண்ணெயும் புளியும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். கருப்பு கொஞ்சம்கூட இளகவில்லை. நான் இலையைப் பற்றிச் சொன்னேன். அவர் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“இன்னாமா சொல்ற? இலையத் தொட்டா வாந்தி வருமா? நானும் சேத்துல நின்னுகினு நாத்து நட்டவதான். கால்ல புண்ணு வந்துது. வாந்தி வர்ல.”

இப்போது அவர் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்கிறார். கழனிக்குப் போவதை விட்டதில் அவருக்குத் துளி வருத்தமும் கிடையாது. மகள் மறுபடியும் ஒரு கொல்லைக்குப் போனதில்தான் வருத்தம்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்போம் என்றேன். அவர் பொறுக்கவில்லை. மதுராந்தகம் போய் மருந்துக்கடையில் பரிசோதனை அட்டை வாங்கி வந்தார். இரண்டு கோடு விழுந்தது. நாள் தள்ளிப்போனதை எங்கள் ஊரில் இருந்தபோதே அவள் என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். இலை காலத்தில் அதுவும் முன்னே பின்னே ஆகும் என்று அம்மா அடக்கிவிட்டாளாம். இதைக் கேட்டதும் எனக்கு அம்மாமேல் கோபம் வந்தது.

“உங்க ஊரு மாசில்லாம் எங்க வூட்டுல செல்லாது” என்றார் அத்தை.

செங்கல்பட்டில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். அவர் கருத்த விரல்களைப் பார்த்துவிட்டு என்ன வேலை என்று கேட்டார். பச்சை இலையில் இருக்கும் நிகோடின் தோல் வழியாகவே உடம்பில் இறங்கும், அது வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, இனி இலைப் பக்கமே போகாதே என்றார். வாந்தியில் பாதி இலையாலும் இருக்கலாம், பாதி பிள்ளையாலும் இருக்கலாம், பிரித்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

அடுத்த நாள் தம்பி வந்தான். மனைவியைப் பார்த்த சந்தோஷம் அவன் முகத்தில் நன்றாகத் தெரிந்தது. ஆனால் வந்தது அவளைக் கூட்டிப்போகத்தான். ஆள் கிடைக்கவில்லை, அம்மா ஒருத்தியாகத் திண்டாடுகிறாள். இவள் கொல்லைக்கு வர வேண்டாம், வீட்டிலிருந்து சோறு ஆக்கினால் போதும் என்றான். அவனைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். இரண்டு பக்கமும் இடி வாங்கும் மத்தளம்.

“அந்த வூட்டுல அடுப்புக்கு மேலயே இலைதான தொங்கும்” என்றாள் அவள். அது உண்மை. அறுப்பு ஆரம்பித்துவிட்டால் எங்கள் வீட்டில் இலை இல்லாத மூலை கிடையாது.

தம்பி அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். பேசி முடிக்கட்டும் என்று அத்தை வெளியே போய் நின்றுகொண்டார். அம்மா முதலில் சந்தோஷப்பட்டாள், பிறகு சலித்துக்கொண்டாள். எங்கள் இருவரையும் இலைக்குள்ளேதான் சுமந்தாளாம். நாங்கள் என்ன கூன் குருடாகவா பிறந்தோம் என்று கேட்டாள்.

தம்பி மனைவிதான் போனுக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து கேட்டாள். குரலில் சண்டை இல்லை.

“அத்தை, அண்ணிக்கு முன்னாடி ரெண்டு தங்கலன்னு ஒருவாட்டி எங்கிட்ட சொன்னீங்களே. அது எந்த மாசம்?”

எனக்கு முன்னால் இரண்டு இருந்தது எனக்கே அப்போதுதான் தெரியும். போன் அணைந்துவிட்டதோ என்று தம்பி எடுத்துப் பார்த்தான்.

“ஒண்ணு மாசி. இன்னொண்ணு பங்குனி” என்றாள் அம்மா. பிறகு, யாரும் எதுவும் கேட்காமலே சொன்னாள்: “நான் பப்பாளி தின்னுட்டேன்னு சொன்னாங்க. எங்க மாமியா ஊரு பூரா சொன்னாங்க. நானும் சரி தின்னுருப்பேன்னு இருந்துட்டேன். தின்ன மாதிரி எனக்கு ஞாபகமே இல்ல.”

தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு பழைய குரலுக்கு வந்தாள். மருமகள் பிள்ளை பெறும்வரை படாளத்திலேயே இருக்கட்டும், இங்கே கொழுந்து நிற்காது, கூடக் கூலி கொடுத்தாவது தெருவில் இரண்டு பெண்களைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றாள். தம்பி பெருமூச்சு விட்டான். எல்லோருக்கும் ஒரு வழி கிடைத்த மாதிரி இருந்தது.

“அந்த ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆயிட்டுதா அத்தை?” என்று கேட்டாள் தம்பி மனைவி.

“ஒருத்திக்குப் போன மாசந்தான் ஆச்சு” என்றாள் அம்மா.