சாப்பிடாத நாளின் மாத்திரை

அக்காவை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிற வேலை என்னிடம் வந்ததற்கு ஒரே காரணம், போட்டது போட்டபடி கிளம்பக்கூடியவன் வீட்டில் நான் ஒருவன்தான் என்பது. அத்தானுக்குக் கழுகுமலையில் தீப்பெட்டி ஆபீசில் லோடு ஏற்றும் வேலை. லாரி வந்து நிற்கும்போது அவர் இல்லையென்றால் அடுத்த லாரிக்கு வேறு ஆள் வந்துவிடும். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் ஏறி ஆந்திரம், மராட்டியம், சத்தீஸ்கர் என்று சுற்றிக்கொண்டிருந்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அக்கா போன் செய்வாள். இருக்கிற இடத்திலிருந்து ரயிலேறிக் கோவில்பட்டியில் வந்து இறங்குவேன். ஓரிடத்தை விட்டுக் கிளம்ப எனக்கு ஏதாவது ஒரு காரணம் கிடைத்தால் போதும். இது நல்ல காரணமாகவும் இருந்தது.

முதலில் அது நோயென்று யாருக்கும் தெரியவில்லை. கல்யாணமாகி வெகு வருஷம் பிள்ளை இல்லாதவள் அக்கா. ஒரு கோடையில் அவளுக்கு வயிறு லேசாக மேடிட்டது. இடது பக்கம் கனக்கிறது என்றாள். நாலு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை. மத்தியானமே அசந்து படுத்தாள். தீப்பெட்டி ஆபீசில் அவளோடு வேலை பார்க்கும் பெண்கள் "ஏட்டி, விசேஷமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாளாம். கோவில்பட்டியில் ஸ்கேன் எடுத்தபோது கர்ப்பப்பை காலியாக இருந்தது. வீங்கியிருந்தது மண்ணீரல். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தவர்கள் அன்றைக்கே மதுரைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ரத்தப் புற்றுநோய். அதில் மெதுவாகப் போகிற வகை என்றார்கள்.

மதுரையில் பார்த்த டாக்டரம்மா பொறுமைசாலி. ஒரு பழைய மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஒரு செல்லுக்குள் இரண்டு குரோமோசோம்களின் நுனி ஒடிந்து, ஒன்றின் நுனி மற்றதில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒட்டின இடத்தில் உடம்பில் அதுவரை இல்லாத ஒரு ஜீன் உண்டாகிவிட்டது. அந்த ஜீன் ஒரு புரதத்தைச் செய்கிறது. நல்ல செல் வெளியிலிருந்து சேதி வந்தால்தான் இரண்டாகப் பிரியும். போதும் என்று சேதி வந்தால் நிறுத்தும். இந்தப் புரதம் யார் சொல்லுக்கும் காத்திருக்காமல் பிரி, பிரி என்று செல்லை விரட்டிக்கொண்டே இருக்கும். சுவிட்சு போட்ட இடத்திலேயே இறுகிப்போன மாதிரி என்றார்.

அக்கா குறுக்கே புகுந்தாள். "அப்ப பீஸ் கட்டையப் புடுங்கிற வேண்டியதுதானம்மா?"

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "மாத்திரை அந்த வேலையத்தான் செய்யும். அந்தப் புரதத்துல கரண்ட் வாங்குற மாதிரி ஒரு பள்ளம் இருக்கு. மாத்திரை போய் அங்க உட்கார்ந்துக்கும். அது எந்திரிச்சுப் போயிட்டா மறுபடியும் ஓட ஆரம்பிச்சிரும். அதனால தினமும் போடணும். வெறும் வயித்துல போட்டா வாந்தி வரும். சாப்பாட்டோட போடுங்க."

"சாப்பாட்டோட," என்று அக்கா திருப்பிச் சொன்னாள். பஸ்ஸிலும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மாத்திரை கேட்டது. காலையில் எழுந்தால் கண்ணிமை வீங்கிக் கிடக்கும், கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். அவ்வளவுதான். மண்ணீரல் சுருங்கியது, சோறு இறங்கியது, தீப்பெட்டி ஆபீசுக்கு மறுபடி போனாள். சில மாதங்களில் ரத்தத்தில் அணுக்களின் கணக்கும் சரியாகிவிட்டது. அதைப் பார்த்து அத்தான் நோயே போய்விட்டது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். போகவில்லை என்பதை அடுத்த தடவை டாக்டரம்மா விளக்கினார். ஜீன் நேராக எதையும் செய்யாது. தன்னிடம் இருக்கிற வாசகத்தை நகலெடுத்து வெளியே அனுப்பும். அந்த நகலைப் பார்த்துத்தான் செல் புரதத்தைச் செய்யும். ரத்தத்தில் அந்த நகல்கள் எவ்வளவு கிடக்கின்றன என்று பார்ப்பதுதான் எங்களுடைய மூன்று மாதச் சோதனை. அந்த எண்ணும் இறங்க வேண்டும். இறங்கி, இறங்கின இடத்திலேயே நிற்க வேண்டும்.

அது இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு நாள், சோதனை கண்டுபிடிக்க முடியாத அளவுக்குப் போய்விட்டது. அன்றைக்குத்தான் அக்கா கேட்டாள்.

"பிள்ள பெத்துக்கிடலாமாம்மா?"

மாத்திரை சாப்பிடும்போது கூடாது, வயிற்றுப் பிள்ளைக்கு ஊனம் வரலாம் என்றார் டாக்டரம்மா. இந்த எண் சில வருஷம் ஏறாமல் இப்படியே இருந்தால் மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம். நிறுத்தின பிறகும் எண் ஏறாதவர்கள் உண்டு. அவர்கள் பெற்றுக்கொள்ளலாம். அவர் 'பார்க்கலாம்' என்ற சொல்லை அழுத்திச் சொன்னார். அக்காவின் காதில் அது விழவே இல்லை. திரும்பி வரும்போது சாத்தூரில் வெள்ளரிப்பிஞ்சு வாங்கிக் கொறித்துக்கொண்டே வந்தாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

கொஞ்ச காலம் கழித்து எண் ஏறியது. இயந்திரத்தின் பிசகாக இருக்கலாம் என்று அடுத்த மாதமே வரச் சொன்னார்கள். இன்னும் ஏறியிருந்தது.

"மாத்திரை எதுவும் விட்டீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஒரு நாளும் விட்டதில்லம்மா. வேணும்னா இவங்கிட்டக் கேளுங்க."

நான் என்னத்தைக் கண்டேன்? தலையை ஆட்டினேன். மாத்திரை விடவில்லையென்றால் அந்த ஜீனே மாறியிருக்கலாம் என்றார் அவர். ஒரு எழுத்து மாறினால் போதும், பள்ளத்தின் வடிவம் மாறிவிடும், மாத்திரை உட்கார முடியாது. அதற்குத் தனிச் சோதனை. முடிவு வரச் சில வாரம் ஆகும். மாறியிருந்தால் வேறு மருந்து. நிறுத்துகிற பேச்சை அப்புறம் எடுக்கவே வேண்டாம்.

அது ஐப்பசி. மழையில் ரிக் வண்டி ஓடாது. போக இடமில்லாமல் நான் கழுகுமலையில் அக்கா வீட்டில் கிடந்தேன். கிடந்தேன் என்பதும் சரியில்லை. காலையில் கோவில்பட்டிக்குப் போவேன், ஒரு டீ குடித்துவிட்டு வந்த பஸ்ஸிலேயே திரும்புவேன். நாகலாபுரத்தில் ஒரு சேக்காளி பாசிப்பயறு விதைக்க ஆள் தேடினான், அங்கே போனேன். கரிசல் சகதி காலோடு அரைக் காட்டைத் தூக்கிக்கொண்டு வந்தது. இரண்டாம் நாளே அங்கும் இருப்பு கொள்ளவில்லை. கயத்தாறில் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டினேன். எங்கே இருந்தாலும் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். அந்தப் பள்ளத்தின் படம் அதில் கிடைத்தது. கலர் கலராக ரிப்பன் சுற்றின மாதிரி இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கயத்தாறிலிருந்து திரும்பும்போது வெறுங்கையோடு போவானேன் என்று புரோட்டாவும் சால்னாவும் பார்சல் வாங்கிப் போனேன். வீட்டு வாசலில் நின்றதுமே அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னைக்கு வந்து என்னத்த வாங்கிட்டு வந்திருக்கான் பாரு. முருகா!"

கந்தசஷ்டி தொடங்கியிருந்தது. ஊரெல்லாம் விரதம். எனக்கு நாளும் கிழமையும் மறந்து போயிருந்தது.

"மொட்டமாடில போயித் தின்னுட்டு வாங்க மாப்ளே," என்றார் அத்தான். "சால்னா வாசத்துல என் விரதம் கலைஞ்சிரும்போல இருக்கு."

"நீங்க இருந்தாத்தான கலையதுக்கு? ஆபீஸ்ல மூணு நேரமும் தின்னுட்டு வந்து திருநீறு பூசிக்கிட்டு நிக்கீங்க," என்றாள் அக்கா.

நான் தின்றுவிட்டுக் கீழே வந்தேன். அக்கா துளசி போட்ட தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். சும்மாதான் கேட்டேன். "அப்ப மாத்திரய எப்பக்கா போடுவ? சாயந்தரமா?"

"மாத்திரையா? சாப்பாட்டோட போடணும்னுதானலே சொன்னாவ. சாப்பிடாத நாளைக்கு எதோட போட? பச்சத்தண்ணியோட போட்டா கொடலே வெளிய வந்துரும்."

"அப்ப இன்னைக்குப் போடல?"

"சஷ்டி முடியட்டும்."

"டாக்டரம்மாட்ட ஒரு நாளும் விட்டதில்லன்ன?"

"எங்கலே விட்டேன்? மறந்தாப்புல ஒரு நாளு விட்டிருப்பேனா? விரதம்னா அது வேற கணக்கு."

அவள் ஒளிக்கவில்லை. முகத்தில் கோபம்தான் இருந்தது. மாதச் சஷ்டி, கிருத்திகை, பிறகு செவ்வாய்க்கிழமை தோறும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். எப்போதிருந்து என்று கேட்டேன். மாத்திரையை நிறுத்திப் பிள்ளை பெறலாம் என்று டாக்டரம்மா சொன்ன நாளிலிருந்து. முருகனிடம் கேட்காமல் எப்படி? அதற்காகத்தான் விரதமே.

அத்தனை நாளும் அந்தப் பள்ளம் காலியாக இருந்திருக்கிறது. மிஞ்சியிருந்த கொஞ்சம் செல்கள் அந்த நாட்களில் எல்லாம் கரண்ட் வாங்கியிருக்கின்றன. இதை எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன்.

"எட்டாங்கிளாஸத் தாண்டாத நீ எனக்கு டாக்டராலே?" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். நர்சம்மா எடுத்து, டாக்டரம்மாவிடம் சொல்லித் திருப்பிக் கூப்பிடுவதாகச் சொன்னார். அதுவரை வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்தேன். டாக்டரம்மாவே கூப்பிட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். "இப்பவே ஏதாவது சாப்பிட வச்சு மாத்திரையைக் குடுங்க."

அக்கா மாட்டேன் என்றாள். எடுத்த விரதத்தை நடுவில் விட்டால் கேட்டது கிடைக்காது என்றாள். அத்தான் கெஞ்சினார், பிறகு கத்தினார். "ஒங்க குடும்பத்துல சொன்ன பேச்சு கேக்க ஒரு ஆளு கெடையாது!" என்று செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனவர், தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து படியில் உட்கார்ந்துகொண்டார்.

வேறு வழி தெரியாமல் நான் சொன்னேன். "ஒன் விரதத்த நான் இருக்கேன். நீ தின்னு."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு நேரம் டீ இல்லாட்டி நாலு ஊரு கேக்கக் கத்துவ. இப்பத்தான் சால்னா குடிச்சிட்டு வந்த வாயி."

"குளிச்சிட்டு வாரேன். நாளையிலருந்து இருக்கேன். ஒனக்காகன்னு கோயில்ல சொல்லிட்டு இருக்கேன்."

"சூரசம்ஹாரம் முடியுத வரைக்கும் ஊர் எல்லையத் தாண்டக் கூடாது."

"தாண்டல."

"கோவில்பட்டிக்குக் கூட."

"அதான் தாண்டலன்னு சொல்லுதேம்லா."

அவள் அடுப்படிக்குப் போய் ரெண்டு தோசை ஊற்றி, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தின்றாள். தின்னும்போது தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று தெரிந்தது. அத்தான் செம்பில் தண்ணீர் கொண்டுபோய் வைத்தார். மாத்திரை உள்ளே போனதை நான் பார்த்தேன்.

அந்தச் சஷ்டியைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. பசி எனக்குப் பழக்கம்தான், ரிக் வண்டியில் பட்டினி கிடந்திருக்கிறேன். ஓரிடத்தில் இருப்பதுதான் முடியவில்லை. விடிந்ததும் மலையைச் சுற்றி நடப்பேன், பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சங்கரன்கோவில் பஸ்ஸும் கோவில்பட்டி பஸ்ஸும் கிளம்புவதைப் பார்த்துவிட்டு வருவேன். ஒரு கண்டக்டர் "ஏறுதீங்களா, சும்மா நிக்கிதீங்களா?" என்று கேட்டார். தினமும் மத்தியானம் அக்கா சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்திருப்பேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே என்னைப் பார்ப்பாள். முதல் நாள் பாவமாகப் பார்த்தாள். மூன்றாம் நாள், "ரசம் நல்லாருக்குலே," என்றாள்.

சஷ்டி முடிந்து மதுரைக்குப் போனோம். தனிச் சோதனையின் முடிவு வந்திருந்தது. ஜீன் மாறவில்லை. அதே பள்ளம், அதே மாத்திரை. எனக்கு உடம்பு லேசாகிவிட்டது. டாக்டரம்மா அக்காவின் விரத நாட்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "விரதம் இருங்க. ஒரு நேரம் சாப்பிடுற விரதமா இருங்க. அந்த ஒரு நேரத்துல மாத்திரை," என்றார். அக்கா சரி என்றாள்.

அடுத்தடுத்த சோதனைகளில் எண் இறங்கியது. போன மாதம், பழைய இடத்துக்கே, கண்டுபிடிக்க முடியாத அளவுக்குப் போய்விட்டது. அக்கா உடனே கேட்டாள். "அப்ப முன்னால இருந்த வருசத்தையும் சேத்துக்கிடலாமாம்மா?"

"இல்லம்மா. இன்னையிலருந்துதான் எண்ணணும்."

பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். விருதுநகர் தாண்டும் வரை விரல்களை மடக்கி மடக்கி எதையோ கூட்டிக்கொண்டிருந்தாள். அவள் வயதோடு காத்திருக்க வேண்டிய வருஷங்களைத்தான் கூட்டுகிறாள் என்று எனக்குத் தெரியும். நானும் மனசுக்குள் கூட்டினேன்.

பிறகு அவளே கேட்டாள். "மாத்திரய நிறுத்துன பெறவு மாசாமாசம் ரத்தம் பாக்கணுமாம்லா. மாசாமாசம் நீ வருவியாலே?"

"வாரேன்."

"எங்கன இருந்து? சத்தீஸ்கர்ல இருந்தா?"

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே பார்க்கத் தொடங்கினாள். மக்காச்சோளக் காடுகள் போய்க்கொண்டே இருந்தன.

"வராட்டியும் ஒண்ணும் இல்ல," என்றாள். "பஸ்ஸு எனக்குத் தெரியும். டாக்டரம்மாவும் என்னத் தெரிஞ்சி வச்சிருக்காவ. கூட ஒரு ஆளு இருந்தா நல்லாருக்குமேன்னு கேட்டேன்."