பவுடர் பாலும் பொதுக்கிணறும்

தொண்ணூறுகளில் கோவையில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். பல்லடம் பக்கத்து ஊர் ஒன்றின் பொதுக்கிணற்றில் நைட்ரைட் இருக்கிறதா என்று பார்க்க என்னை அனுப்பினார்கள். கிணற்றை ஒட்டிக் கோழிப்பண்ணை, அதன் கழிவு ஊறி இறங்கினால் நைட்ரைட் சேரும். பெரியவர்களை அந்தத் தண்ணீர் லேசில் ஒன்றும் செய்யாது. கைக்குழந்தைக்குத்தான் ஆபத்து, ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும். கிணற்றுக்கு எதிர்வீட்டில் இரண்டு மாதக் குழந்தை இருந்தது. தாய்ப்பால் போதாமல், ஒரு வாரமாக அந்தத் தண்ணீரைக் காய்ச்சித்தான் பவுடர் பால் கலக்கிக் கொடுத்துவந்தாள் அதன் அம்மா. காய்ச்சினாலும் நைட்ரைட் போகாது.

மாதிரியை நானே எடுத்திருக்க வேண்டும். வெயில், பசி, போதாததற்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "நீங்க உக்காருங்க, நான் புடிச்சுட்டு வாரேனுங்க" என்று அவள் பாட்டிலை வாங்கிக்கொண்டதும் சரி என்றுவிட்டேன். சோம்பேறித்தனத்துக்கு நான் எப்போதும் நல்ல காரணம் வைத்திருப்பேன்.

மறுநாள் கூடத்தில் மருந்து விட்டுப் பார்த்தேன். நைட்ரைட் இருந்தால் இளஞ்சிவப்பு ஏறும், நிறமே மாறவில்லை. நிம்மதியாக இருந்தது. அடுத்து உப்பைப் பார்த்தால் அதுவும் இல்லை. அந்தப் பக்கத்துத் தண்ணீரில் சோப்பே நுரைக்காது. இதுவோ கோவைக் குழாயில் வரும் சிறுவாணித் தண்ணீர் மாதிரி இருந்தது. அவள் பிடித்துத் தந்தது கிணற்றுத் தண்ணீரே இல்லை. மருந்தையும் கையோடு எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

கேட்டதும் அவள் ஒளிக்கவில்லை. சிறுவாணித் தண்ணீரேதான். கோவை சிங்காநல்லூரில் இருக்கும் தம்பி பஸ்ஸில் கேனில் கொண்டுவந்து தருவானாம், விருந்தாளிகளுக்கென்று எடுத்து வைத்திருப்பாளாம்.

"ஏனுங்க, அவ்வளவு தூரத்துல இருந்து வந்தவங்களுக்கு உப்புத்தண்ணியக் குடுத்துத் தாட்டி உடறதுங்களா?"

கோபம் வந்தது, அதை என்மேல்தான் காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. கிணற்றில் நானே இறைத்து, பாட்டிலை மூன்று முறை அலசி நிரப்பி, அவள் வாசலிலேயே மருந்து விட்டேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவந்தது. ஓடிப்போய்க் குழந்தையின் உதட்டையும் நகத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நல்ல ரோஸ் நிறம். அப்போது பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

பஞ்சாயத்தில் சொன்னேன், நாளை முதல் லாரித் தண்ணீர் வரும் என்றார்கள். அதுவரைக்கும் கேனில் இருப்பது குழந்தைக்கு மட்டும் என்று அவளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். தலையாட்டிவிட்டு உள்ளே போனவள் காப்பியோடு வந்தாள். முகத்தில் அப்படி ஒரு சங்கடம்.

"கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு இன்னைக்குக் கெணத்துத் தண்ணிக் காப்பிதானுங்க."

உப்புக் கரித்தது. இன்னொரு டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.