ஜெனரலுக்கும் ஒரு கார்ட்

பத்து வயதில் நான் எங்கள் வீட்டின் ஆஸ்தான மொழிபெயர்ப்பாளன். தபால்காரர், டாக்டர், வீட்டுக்காரர் என்று யார் பிரெஞ்சில் வாய் திறந்தாலும் அப்பா என்னை முன்னே தள்ளிவிடுவார். கூலி, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் சுடச்சுட ஒரு மட்டன் றோல்ஸ்.

அப்பா பிரெஞ்சுப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்திருந்த காலம் அது. நேர்முகத்தில் சரித்திரமும் கேட்பார்கள் என்று யாரோ பயங்காட்டிவிட்டார்கள். உலகப் போரில் எதிரிகளிடமிருந்து நாட்டை மீட்டு, பிறகு ஜனாதிபதியாக ஆண்ட ஜெனரலுக்கு நகரத்தில் ஓர் அருங்காட்சியகம் இருந்தது. ஒரு ஞாயிறு, கொப்பியும் பேனையுமாக அப்பா என்னை அங்கே கூட்டிப்போனார்.

சுவர் முழுக்க எழுத்து. எனக்கோ பசி. சுருக்கச் சுருக்க றோல்ஸ் கிட்டே வந்தது. இருபது வரிப் பலகைக்கு, "சண்டை பிடிச்சவர்" என்றேன். அப்பா பக்தியோடு எழுதிக்கொண்டார். என் எழுத்தில் சுருக்கம் இருப்பதாக இன்று சிலர் பாராட்டுகிறார்கள். அதற்கு மூலகாரணம் இந்தப் பசிதான்.

அடுத்த பலகைக்கு, "லண்டனுக்குப் போனவர். அங்கையிருந்து றேடியோவிலை கதைச்சவர்."

அப்பாவின் பேனை நின்றது. "ஏன் போனவர்?"

"இஞ்சை இருந்தா பிடிச்சிருப்பாங்கள்."

"அகதியாவோ?"

"ஓம்."

"கார்ட் குடுத்தவங்களோ?"

பலகையில் அப்படி எதுவும் இல்லை. "ஓம், பத்து வருசக் கார்ட்" என்றேன். அகதிகளுக்குக் கிடைக்கும் வதிவிட அட்டை அது. எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய பட்டம் கிடையாது.

அப்பா குளிர்த்தொப்பியைக் கழற்றிவிட்டு ஜெனரலின் படத்தை நிமிர்ந்து பார்த்தார். "பிறகு ஊருக்குத் திரும்பிப் போனவரோ?"

"ஓம்." இது மட்டும் பலகையில் இருந்தது.

அதையும் எழுதிக் கொப்பியை மூடினார். இன்னும் மூன்று அறைகள் பாக்கி. "இவ்வளவும் காணும், வா" என்றார். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

தன் அரைகுறைப் பிரெஞ்சை வைத்துக்கொண்டே நேர்முகத்தை முடித்து வந்தவர் அம்மாவிடம் சொன்னார்: "கேள்வி கேட்ட ஒபிசர் மனிசி ஜெனரலைப் பற்றித்தான் கேட்டவா. அவரும் என்னைப்போல கார்ட் வச்சிருந்தவர் எண்டு சொன்னனான். மனிசி பேனையை வச்சிட்டுச் சிரிச்சவா."

எனக்குச் சோறு இறங்கவில்லை. மாதக்கணக்கில் தபால்பெட்டிப் பக்கமே போகாமல் சுற்றிப் போனேன். கடைசியில் கடிதம் வந்தது. வாசித்துச் சொன்னவனும் நான்தான். இம்முறை ஒரு வரியைக்கூடச் சுருக்கவில்லை. பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது.

அன்றைக்கு அப்பா ஒரு பெட்டி நிறைய றோல்ஸ் வாங்கிவந்தார். நான் நாலு தின்றேன். என் பொய் அரசாங்கத்தையே வென்றுவிட்ட பெருமை எனக்கு. அப்பாவோ ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் பழைய கொப்பியைத் திறந்து, 'திரும்பிப் போனவர்' என்ற கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பரீட்சைதான் முடிந்துவிட்டதே, இன்னும் என்னத்தைப் படிக்கிறார் என்று நினைத்தேன்.