கழுத்தில் தடவிய தேன்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு, சிதம்பரம் ஹாஸ்டலில் இருக்கும் மகள் வீடியோ காலில் வந்தாள். லீவு நாளில் அவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்கிற பெண் இல்லை அவள். முகத்தைக் காட்டாமல் போனைக் கூரைப் பக்கமே திருப்பி வைத்திருந்தாள். "மூஞ்சக் காட்டும்மா" என்றேன். காட்டினாள். கழுத்திலிருந்து கன்னத்துக்கு ஏறிய சிவப்பு கண்ணுக்கு அடியில் வந்து நின்றிருந்தது. இமை வீங்கி, கண் பாதிதான் திறந்தது.

கழுத்தில் சின்ன வட்டமாக ஆரம்பித்த படர்தாமரை அது. சிதம்பரத்திலேயே இருக்கும் என் மனைவியின் தம்பி வீட்டில்தான் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. வட்டத்தைப் பார்த்ததும் அவன் ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டான். "கெமிக்கலே வேணாம் மாமா. கொல்லிமலைத் தேன். பூஞ்சை கீஞ்சை எல்லாம் ஓடிடும்" என்று என்னிடம் போனில் சொன்னான். அவன் படித்த வைத்தியம் எல்லாம் வீடியோவில் பார்த்ததுதான்.

எனக்கு அந்தத் தேன்மேல் முதலிலிருந்தே சந்தேகம். அடுத்த முறை சிதம்பரம் போனபோது அவன் வீட்டிலேயே தீக்குச்சியை அதில் முக்கி உரசினேன். பற்றியது. தம்ளர் தண்ணீரில் சொட்டு விட்டேன். கரையாமல் அடியில் போய் உட்கார்ந்தது. "இப்பவாச்சும் நம்புறீங்களா?" என்று சிரித்தான். எனக்கு இன்னும் சந்தேகமாகிவிட்டது. இவ்வளவு ஒழுங்காகத் தேறுகிற மாதிரி பாகு காய்ச்சத் தெரிந்தவன் எவனோ என்று நினைத்தேன்.

வீடியோ கால் வந்த அன்று, மகளைக் கூட்டிக்கொண்டு உடனே கடலூருக்கு வரும்படி மச்சானிடம் சொன்னேன். செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தோல் டாக்டர் ஞாயிறன்றும் பார்ப்பார். பத்து மணிக்கு வரவேண்டியவர் பதினொன்றாகியும் வரவில்லை. பிள்ளைக்குக் கண் போய்விடுமோ என்று வாசலுக்கும் பெஞ்சுக்குமாக நடந்தேன். மச்சான் தேன் பாட்டிலையும் கையோடு எடுத்து வந்திருந்தான்.

"எதுக்கு மச்சான் இது? டாக்டருக்குப் பிரசாதமா?"

"எம்மேலதான் பழி போடுவீங்கன்னு தெரியும் மாமா. அவரே டெஸ்ட் பண்ணட்டும்."

"பாகு காய்ச்சுனவன டாக்டர் கண்டுபுடிப்பாரா, போலீஸ் கண்டுபுடிக்குமா?"

"எங்க வீட்ல தினம் இதத்தான் சாப்புடுறோம். வேணும்னா இப்பவே குடிச்சிக் காட்டுறேன்." மூடியைத் திருகவே ஆரம்பித்துவிட்டான்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்களேன். கண்ணு எரியுது" என்றாள் மகள்.

தம்பியை ஒரு வார்த்தை சொன்னால் என்னோடு மல்லுக்கு நிற்கிற என் மனைவி அன்று வாயே திறக்கவில்லை. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். என் சந்தேகம் தேனை விட்டு அந்தப் பைக்குத் தாவியது.

"என்னா இருக்கு அதுல?"

"ஒண்ணுமில்லீங்க."

"சொல்லிடும்மா" என்றாள் மகள்.

ஒரு ட்யூப். மெடிக்கலில் போய் அரிப்பு என்று சொன்னால் சீட்டு கேட்காமல் எடுத்துத் தருவார்களே, அது. எங்கள் வீட்டில் கொசுக்கடி, வேர்க்குரு, சேற்றுப்புண் எல்லாவற்றுக்கும் அதுதான். தேனை நம்பாதது நான் மட்டுமில்லை. தம்பி மனம் நோகும் என்று அவனிடம் சொல்லாமல், "காலைல மாமா குடுத்ததப் போடு, சாயங்காலம் இதப் போடு" என்று இதே மாதிரி இன்னொன்றை மகளிடம் ரகசியமாகக் கொடுத்திருக்கிறாள். ட்யூப் போட்டதும் அரிப்பு அடங்கியதாம். மச்சான் அதையெல்லாம் தேன் கணக்கில் சேர்த்துக்கொண்டு ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறான்.

"நீயும் நம்பலையாக்கா?" என்றான். பாட்டிலை மூடிவிட்டான்.

அந்த நேரத்தில்தான் டாக்டர் வந்தார். எங்கள் எல்லாரையும் உள்ளே கூப்பிட்டு, மகளுக்கு டார்ச் அடித்து, இமையை விலக்கிப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்தைத் திருப்பி, என்னென்ன போட்டீர்கள் என்று கேட்டார். மச்சான் பாட்டிலை நீட்டினான். அதை ஓரமாக வைத்துவிட்டு ட்யூபை வாங்கிப் படித்தார்.

"கண்ணுக்கு ஒண்ணும் ஆகல, பயப்படாதீங்க. தேன் கிருமியக் கொஞ்சம் கட்டுப்படுத்தும், ஆனா படர்தாமரைக்கு அது பத்தாது. மூஞ்சி வரைக்கும் ஏத்திவுட்டது இதுல இருக்கற ஸ்டீராய்டு. அரிப்ப அமுக்கிட்டு, உள்ள பூஞ்சைய வளத்துவுடும்."

அடியிலிருந்து இறுகச் சுருட்டியிருந்த அந்த ட்யூபை அமுக்கிப் பார்த்தார். ஒரு சொட்டும் வரவில்லை. பிறகு எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உண்மையச் சொல்லுங்க. வீட்ல வேற யாரெல்லாம் இதத் தடவிக்கிறீங்க?"