போபோடியில் ஓர் இட்லி வண்டி

வடக்கே, போபோடி என்ற புறநகரின் சாலையோரத்தில் ஸ்டெல்லா அக்காவின் இட்லி வண்டியை லாரியில் ஏற்றுகிறார்கள். அரசு மக்களின் உயிரையும் உடைமையையும் காத்தால் போதும் என்றுதான் அமெரிக்காவை நிறுவியவர்கள் நினைத்தார்கள் என்று கருத்தரங்கில் பேசிவிட்டு, பசியோடு வந்து நிற்கிறேன். இங்கே போலீஸ்காரரே வண்டியின் ஒரு முனையைத் தூக்குகிறார்.

"லைசென்ஸ் வாங்கலையாக்கா?"

"வருஷக்கணக்கா கேக்குறேன் தம்பி. கார்ப்பரேஷன்ல புதுசா குடுக்கிறதில்லைங்கிறான். இல்லாம வித்தா குத்தமாம்."

தொண்ணூற்றொன்றில் பெரும்பாலான பெரிய ஆலைகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றாகிச் சில வருடங்கள் ஆகின்றன.

லாரியோடு வந்திருந்த கார்ப்பரேஷன் அதிகாரியிடம் இந்தியில் வாதாடிப் பார்க்கிறேன். "சட்டம், சாஹேப்" என்கிறார். பிறகு மனமிரங்கி, மாவுக் குண்டானை மட்டும் இறக்கி வைக்கச் சொல்கிறார்.

அக்கா அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.