அக்கா விதைக்காமல் விட்ட புஞ்சை

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் ஊராருக்கும் அக்காவின் தம்பியான என் வணக்கம். செய்தித்தாள் அலுவலகத்தில் பிறர் எழுதியதைத் திருத்தியே காலம் கழித்தவன் நான். சொந்த வீட்டைப் பற்றி எழுதிப் பழக்கமில்லை. "மலர்ல நல்லதை மட்டும் எழுதுண்ணே" என்று தங்கை சொன்னாள். நடந்ததை எழுதுகிறேன். அதில் நல்லது எது என்று வாசிப்பவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடம் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊரில், வீட்டின் மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார்கள். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றும் மேலே படிக்கவில்லை. படிக்க வைக்கப்பட்டவர்கள் நானும் தங்கையும். அக்கா வாசுதேவநல்லூரில் வாழ்க்கைப்பட்டார்கள். அத்தான் மஞ்சள்காமாலையில் இறந்த பிறகு பிள்ளையில்லாமல் திரும்பி வந்து, அப்பாவின் கரிசல் புஞ்சையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். மானாவாரி நிலம். மழை பெய்தால் உளுந்து, பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. அந்த உளுந்தில்தான் என் கல்லூரிப் படிப்பும் தங்கையின் திருமணமும் நடந்தன.

அக்காவுக்கு வேலை சுத்தமாக இருக்க வேண்டும். அதைப் பார்த்து நாலு பேர் சொல்லவும் வேண்டும். தன் பயிரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மினிபஸ் போனதுகூடத் தெரியாது.

இறப்பதற்கு முந்திய ஆண்டு புரட்டாசியில், மழைக்கு முன்பே புழுதியில் விதைத்தார்கள். ஊரில் வேறு யாரும் விதைக்கவில்லை. பக்கத்துப் புஞ்சைக்கார அண்ணாச்சி வரப்பில் நின்று கேட்டாராம்: "என்ன தங்கச்சி, மயிலுக்குத் தீவனம் போடுதியோ?"

"போடுதேன் அண்ணாச்சி. மயிலு தின்னது போக மிச்சத்த ஒங்களுக்குத் தாரேன்."

முதல் மழையில் அக்காவின் உளுந்து முளைத்தது. மற்றவர்கள் அதன் பிறகே விதைத்தார்கள். அடுத்து வர வேண்டிய மழை வரவில்லை. அக்காவின் பயிர் அதற்குள் காய் பிடித்துவிட்டது. ஊராருடையது பூவிலேயே கருகியது.

இந்த இடத்தில், வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகப் பயிர்க் காப்பீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விதைப்புக் காலத்தில் எல்லோரும் தங்கள் நிலத்தைப் பதிந்து பிரீமியம் கட்டுகிறார்கள். பயிர் போனால், மழை தவறிய இதுபோன்ற ஆண்டில், ஒவ்வொருவர் நிலமாகப் பார்த்துப் பணம் தருவதில்லை. ஊரில் சில நிலங்களைக் குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்து, அதில் ஒரு சதுரத்துக்குக் கயிறு கட்டி, அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். அந்த எடைகளின் சராசரிதான் ஊர் முழுவதற்கும் விளைச்சல். சராசரி குறைவாக இருந்தால் ஊருக்கே இழப்பீடு உண்டு. குறையவில்லை என்றால் கருகிய நிலத்துக்காரருக்கும் கிடையாது.

அந்த ஆண்டு தேர்வான நிலங்களில் ஒன்று அக்காவுடையது.

சோதனைக்கு முந்தின நாள் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். "தங்கச்சி, ரெண்டு ஆட்ட உள்ள விட்டுரு. ஒரு மேய்ச்சல் போதும். ஊரு பொழைச்சுக்கிடும்."

"ஆடு மேஞ்ச புஞ்சையக் காட்டவா நான் குறுக்கு ஒடியக் களையெடுத்தேன்? களவுக்கு வேற ஆளப் பாருங்க."

மறுநாள் அக்கா நல்ல சேலை கட்டிக்கொண்டு, அதிகாரிகளுக்குத் தேநீர் கொண்டுபோனார்கள். எடை போட்டவர், "நல்ல விளைச்சல்மா" என்றிருக்கிறார். அன்று மாலை அக்கா எனக்குப் போன் செய்து அதை இரண்டு முறை சொன்னார்கள். குழாயடியில் எத்தனை முறை சொன்னார்கள் என்று தெரியாது. மற்றவர்களின் புஞ்சை கருகிக் கிடந்தபோது அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அக்காவே பிறகு என்னிடம் சொன்னது இது: "வெளைஞ்சதுக்கு வெக்கமில்ல தம்பி. அதச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேம்பாரு, அதுதான்."

ஆவணியில் இழப்பீட்டுப் பட்டியல் வந்தது. அடுத்த ஊருக்குக் கிடைத்தது. எங்கள் ஊருக்கு இல்லை. அக்காவின் ஒரு நிலம்தான் சராசரியைத் தூக்கியதா, மற்ற நிலங்களிலும் ஓரளவு விளைந்திருந்ததா என்று விசாரித்துப் பார்த்தேன். உறுதியாகச் சொல்ல யாராலும் முடியவில்லை. ஊருக்கு அந்தச் சந்தேகம் இருக்கவில்லை. அக்காவுக்கும் இருக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் எங்கள் சபைக் கோயிலில் அறுப்பின் பண்டிகை, விளைந்ததில் ஒரு பங்கைக் காணிக்கையாகப் படைக்கும் நாள். ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவது வழக்கம். ஓர் எலுமிச்சம்பழத்துக்கு இரண்டு குடும்பங்கள் போட்டி போட்டு, பழத்தோட்டம் வாங்கும் விலைக்குக் கொண்டுபோவார்கள். அதில் ஒரு சந்தோஷம். அக்கா விதைக்கு வைத்திருந்த உளுந்தில் ஒரு மரக்கால் படைத்திருந்தார்கள். விதைப்புக்கு முந்திய நாள்கள்; ஊரில் எல்லோருக்கும் விதை தேவை. சபை ஊழியரான உபதேசியார் மரக்காலைத் தூக்கிக் காட்டினார்.

"நல்ல வெத உளுந்து. கேளுங்கய்யா."

யாரும் கேட்கவில்லை.

"கேளுங்கம்மா. கர்த்தருக்குப் படைச்சது."

பின்னாலிருந்து ஒரு குரல்: "ஊரத் தின்ன உளுந்துல்லாய்யா அது. எங்களுக்குச் செரிக்குமா?"

சிரித்தார்கள். படைத்த வீட்டார் ஏலம் கேட்பது எங்கள் சபையில் வழக்கமில்லை. ஆகவே பண்டிகைக்கு வந்திருந்த நானும் தங்கையும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் உபதேசியாரே ஒரு விலை சொல்லித் தன் பெயருக்கு எடுத்துக்கொண்டார். அக்கா எழுந்து போகவில்லை. ஏலம் முடியும்வரை, கையிலிருந்த வேதாகமத்தின் ஓரத்தை விரலால் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து கதவோரம் உட்கார்ந்து, ஆசீர்வாதம் கூறும் முன்பே வெளியே வந்துவிடுவார்கள் என்று தங்கை சொன்னாள்.

புரட்டாசி வந்தது. ஊரில் எல்லோரும் காப்பீட்டுக்குப் பதிய மாட்டோம் என்றார்கள். அக்கா வீடு வீடாகப் போய், "பதிஞ்சிருங்க, எல்லா வருசமும் ஒண்ணுபோல இருக்காது" என்று சொன்னார்கள். டீக்கடை வாசலில் அண்ணாச்சி எல்லோர் முன்னிலும் பதில் சொன்னார்: "பதியலாம் தங்கச்சி. மொதல்ல ஒன் புஞ்சையத் தூக்கி வேற ஊர்ல வச்சிட்டு வா."

அக்கா சொன்னார்களாம்: "இந்த வருசம் நான் விதைக்கல. விதைக்காத புஞ்சை குலுக்கல்ல வராது. போய்ப் பதியுங்க."

ஊர் பதிந்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி, திருவேங்கடம் இ-சேவை மையத்தில் வரிசையில் நின்று பதிந்தார்கள். மழை பெய்து ஊரெல்லாம் விதைப்பு நடந்தது. அக்காவின் புஞ்சையில் விதை விழவில்லை. நான் ஒருமுறை போயிருந்தபோது, அந்த ஒரு துண்டு மட்டும் பச்சைக்கு நடுவில் கறுப்பாகக் கிடந்தது. "தலைய மழிச்ச மாதிரி இருக்குல்லா" என்று அக்கா சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

ஈரம் காயும் முன்பு ஒருநாள் அண்ணாச்சி விதைப்புக் கருவி பூட்டிய டிராக்டரை அக்கா வீட்டு வாசலில் நிறுத்தினார். நான் அப்போது உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, கோவத்துல சொன்னேன். வெதையும் எங்கிட்ட இருக்கு. ஒரு அர நாள்ல முடிச்சிருதேன்."

"வேண்டாம் அண்ணாச்சி."

"குலுக்கல்ல வந்தா வரட்டும், போ. வெளைஞ்சிருக்குன்னு எழுதிட்டுப் போறான்."

"என் வார்த்தைய நம்பித்தான ஊரு பணம் கெட்டியிருக்கு. இப்ப விதைச்சா, பொய்யும் சொன்னவளா ஆயிருவேன். வண்டிய எடுங்க, வெயிலு ஏறுது."

அவர் வண்டியை எடுக்க வெகுநேரமானது.

நிலமிருந்தும் அந்த ஆண்டு அக்கா பிறர் புஞ்சைகளுக்குக் கூலிக்குக் களையெடுக்கப் போனார்கள். நாங்கள் அனுப்பிய பணத்தைத் திருப்பி அனுப்பினார்கள். கார்த்திகைக் கடைசியில், அண்ணாச்சியின் புஞ்சையில் குனிந்திருந்தபோதுதான் நெஞ்சுவலி வந்தது. அவர் தன் லோடு ஆட்டோவில் கிடத்தி, சங்கரன்கோவில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். வழியில் அக்கா பேசியது ஒன்றுதான் என்று அவர் சொல்கிறார்: "அண்ணாச்சி, மேலப் பக்கம் களை நிக்குது. ஆளு விட்டு எடுத்திருங்க." மார்கழி பிறந்த வாரத்தில், அந்த மருத்துவமனைக் கட்டிலில் அக்கா கர்த்தருக்குள் இளைப்பாறினார்கள்.

அந்த ஆண்டு மழை தவறவில்லை. பிந்தி விதைத்தவர்களுக்கும் விளைந்தது. இழப்பீடு கேட்கவே யாருக்கும் வேலை வரவில்லை. ஊரில் விளையாமல் போனது அக்காவின் புஞ்சை ஒன்றுதான். அடக்கத்துக்குப் போன வழி அதன் ஓரமாகத்தான். யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். மருத்துவமனையில் அக்காவின் தலைமாட்டை விட்டு நகராத செவிலியருக்கும், அடக்க ஆராதனையை நடத்திய சபைகுருவான ஐயரவர்களுக்கும், ஏலத்தில் அந்த மரக்காலை எடுத்துக்கொண்ட உபதேசியாருக்கும், துக்க நாள்களில் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த எல்லா வீடுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சில வீடுகளிலிருந்து வந்தவர்கள் பாத்திரத்தை வாசலிலேயே வைத்துவிட்டு, உள்ளே வரத் தயங்கி நின்றார்கள். அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: வீடு திறந்தே இருக்கிறது.

இந்தப் பட்டியலை அச்சுக்குக் கொடுக்கும் முன், அக்காவை மருத்துவமனைக்குக் கொண்டுபோன அண்ணாச்சியின் பெயரை முதலில் எழுதி, அவரிடம் வாசித்துக் காட்டினேன்.

"எடுத்துருங்க தம்பி" என்றார். "நன்றின்னு எம் பேரப் போட்டா, இந்தப் புத்தகத்த எங்க வீட்டுல நான் எங்க வைப்பேன்?"

எடுத்துவிட்டேன்.